லொறிச் சாரதிகளின் காகித நேரப் பதிவுகள்: நினைவைக் கேட்டு எழுதும் முறை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நீண்ட காலம் லொறி ஓட்டி ஓய்ந்தவர்களைத் தேடிச் சென்று, தங்களுடைய ஓட்ட நேரத்தை அவர்கள் எந்தத் தாளில், யாருக்காக, எப்படி எழுதினார்கள் என்பதைக் கேட்டுப் பதிவுசெய்ய விரும்புபவர்களுக்காக இந்தக் குறிப்புகள் எழுதப்படுகின்றன. பேரப்பிள்ளைகள், உயர்தர வகுப்பு மாணவர், வாய்மொழி வரலாறு படிப்பவர், ஊர் வரலாறு எழுதுபவர் என எவரும் இதைச் செய்யலாம். ஒரு கைத்தொலைபேசியும் சில வெற்றுத் தாள்களும் அவசரமில்லாத சில பின்னேரங்களும் இருந்தால் போதும். யானை மறித்த கதை, வெள்ளத்தில் நின்ற கதை, டயர் வெடித்த கதை எல்லாம் தாமாகவே வரும், அவற்றைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் கைவிடாமல் பிடித்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தாளில் எழுதப்பட்ட நேரத்துக்கும் வீதியில் உண்மையாகவே கழிந்த நேரத்துக்கும் இடையில் என்ன இருந்தது?

எந்தச் சாரதியிடம் எந்தத் தாள் இருந்தது

வீட்டு வாசலுக்குப் போகும் முன்னரே, அவர் யாருக்கு ஓட்டினார் என்பதை அறிந்துகொள்ளுங்கள். அரசாங்கத் திணைக்களத்துக்கோ சபைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஓட்டியவரானால் அவர் றனிங் சார்ட் எழுதியிருப்பார். திகதி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், மீற்றர் இலக்கம், போன இடம், போன காரணம், நிரப்பிய எரிபொருள், வாகனத்தைப் பயன்படுத்திய உத்தியோகத்தரின் கையொப்பம் என நிரைகள் போகும். இந்தத் தாளைப் பற்றி ஒன்றை மனத்தில் வைத்திருந்தால் பல குழப்பங்கள் தீரும்: இது டீசலுக்குக் கணக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்டது, சாரதி எவ்வளவு களைத்தார் என்று அறிவதற்காக எவரும் இதைக் கேட்கவில்லை. எனவே மீற்றர் இலக்கம் கவனமாக இருக்கும். நேரம் பெரும்பாலும் வட்டமாக, ஆறு மணி, எட்டு மணி, பத்து மணி என்றே இருக்கும். அந்த வட்டமான நேரங்களைப் பார்த்துவிட்டு சாரதி கவனமில்லாதவர் என்று முடிவு கட்டுவது அநியாயம்.

தனியார் முதலாளிமாருக்கு ஓட்டியவர்களிடம் அச்சடித்த தாள் இருந்திருக்காது. முதலாளியிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கும்; அதில் திகதி, ஊர், ஏற்றிய மூடை, கொடுத்த முற்பணம், டீசல் செலவு ஆகியவை வரும், மணித்தியாலம் வராது. ஆயினும் நேரம் வேறு காகிதங்களில் ஒளிந்திருக்கும். நெல்லுக் களஞ்சிய வாசலில் காவலாளி எழுதிய புத்தகம், தராசுப் பாலத்தில் கொடுத்த சிட்டை, செட்டில் டீசல் அடித்த பற்றுச்சீட்டு ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். வைக்கோல் ஏற்றி வாழைச்சேனைக் காகித ஆலைக்குப் போனவர்கள், கரும்பு ஏற்றி ஹிங்குரான சீனி ஆலைக்குப் போனவர்கள் எல்லாம் ஆலை வாசலில் வரிசையில் நின்ற நேரத்தைத்தான் ஓடிய நேரத்தைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையோரம் முழுவதும் தொண்டு நிறுவன வாகனங்கள் ஓடின. அவற்றை ஓட்டிய நம்மூர் இளைஞர்கள் லொக் சீற் எழுதப் பழகினார்கள். புறப்படும்போதும் சேரும்போதும் மீற்றர், ஒவ்வொரு நகர்வுக்கும் பயணியின் கையொப்பம், சில நிறுவனங்களில் பொழுது பட்டபின் ஓடக்கூடாது என்ற கட்டளை, இன்னும் சிலவற்றில் புறப்பட்டதையும் சேர்ந்ததையும் வானொலிக் கருவியில் அறிவிக்கும் ஒழுங்கு ஆகியவை இருந்தன. முதல் தலைமுறைச் சாரதிகளுக்கு நேரம் எழுதுவது ஒரு சம்பிரதாயம். இவர்களுக்கு அது வேலை நிபந்தனை. இருவரையும் ஒரே கேள்வித்தாளோடு அணுகக் கூடாது. பொதுவாகவே, அச்சடித்த நீண்ட கேள்வித்தாளோடு போகும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாரதி நம்முடைய முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தாளில் இன்னும் எத்தனை கேள்வி மிச்சம் என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்.

நான்காவது வகை, வெளிநாட்டில் கனரக வாகனம் ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள் அல்லது விடுமுறையில் வந்து நிற்பவர்கள். ஓட்ட நேரம் என்ற ஒன்றே சட்டமாக இருந்த தாள்களை அறிந்தவர்கள் இவர்கள்தான். ஆகவே அந்தத் தாள்களை நாமும் ஓரளவு அறிந்துகொண்டு போக வேண்டும்.

வட்டத் தாளும் நான்கு வரித் தாளும்

ஐரோப்பாவில் ஓட்டியவர்கள் வட்டமான ஒரு தாளைப் பற்றிச் சொல்வார்கள். உள்ளங்கையை விரித்தாற்போன்ற அளவில், மெழுகுப் பூச்சுப் பூசி, நடுவில் துளையிட்ட தாள் அது. வேகமானியோடு சேர்ந்த டகோகிராஃப் கருவிக்குள் அதை வைத்து மூடினால், தாள் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். மூன்று நுண்ணிய ஊசிகள் பூச்சைக் கீறி மூன்று செய்திகளை எழுதும்: வெளிப்பக்கம் வேகம், அதற்கு உள்ளே சாரதி என்ன செய்துகொண்டிருந்தார் என்பது, அதற்கும் உள்ளே தூரம். தூரக் கோடு பற்களைப் போல ஏறி இறங்கும். ஓர் ஏற்றம் 5 கிலோமீற்றர், ஓர் இறக்கம் 5 கிலோமீற்றர், ஆகவே ஒரு முழுப் பல்லுக்கு 10 கிலோமீற்றர். ஒரு பழைய வட்டத் தாள் கையில் கிடைத்தால் பற்களை எண்ணிப் பாருங்கள். சாரதி நடுவில் எழுதிய தொடக்க, முடிவு மீற்றர் இலக்கங்களின் வித்தியாசத்தோடு அந்தத் தொகை பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அங்கே ஒரு கதை இருக்கிறது.

நடுவட்டத்தில் சாரதி தன் கையால் எழுத வேண்டியவை பெயர், தொடங்கிய ஊர், முடித்த ஊர், திகதிகள், வாகன இலக்கம், மீற்றர் ஆகியவை. கருவியில் ஒரு குமிழ் இருக்கும். ஓட்டம், வேறு வேலை, காத்திருப்பு, ஓய்வு என்ற நான்குக்கும் அதில் அடையாளப் படங்கள் உண்டு: ஸ்டேரிங் வளையம், குறுக்கிட்ட இரண்டு சுத்தியல், கோடிட்ட பெட்டி, கட்டில். பொருள் இறக்கும்போது குமிழைச் சுத்தியலுக்குத் திருப்ப மறந்து கட்டிலிலேயே விட்டதால் வந்த தொல்லைகளை அவர்களிடம் தவறாமல் கேளுங்கள். வட்டத் தாளோடு வேலை செய்தவர்கள் இதில் சொல்ல நிறைய வைத்திருப்பார்கள். சட்டத்தின் கணக்கையும் தெரிந்து வைத்திருங்கள். நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் நிற்க வேண்டும். ஒரு நாளில் 9 மணித்தியாலம், கிழமைக்கு இரண்டு முறை மட்டும் 10. இரண்டு கிழமைகள் சேர்ந்து 90 மணித்தியாலத்துக்கு மேல் ஓட முடியாது. 2006 மே மாதத்திலிருந்து புதிதாகப் பதிவுசெய்யப்பட்ட வாகனங்களில் அட்டை போடும் மின்னணுக் கருவி வந்துவிட்டதால், வட்டத் தாளின் நினைவு அதற்கு முற்பட்ட வாகனங்களை ஓட்டியவர்களிடமே அடர்த்தியாக இருக்கும்.

கனடாவில் ஓட்டியவர்களின் தாள் வேறு. இருபத்துநான்கு மணித்தியாலங்களும் இடமிருந்து வலமாகக் கட்டங்களாக இருக்க, நான்கு வரிகள் குறுக்கே ஓடும்: வேலையில்லை, படுக்கை, ஓட்டம், ஓட்டமில்லாத வேலை. சாரதி அளவுகோலால் கோடிழுத்து, வரி மாறும் இடத்தில் செங்குத்தாக இறக்கி, கீழே ஊரின் பெயரை எழுதி, நான்கு வரிகளின் கூட்டுத்தொகை 24 வருகிறதா என்று பார்த்துக் கையொப்பம் இட வேண்டும். அங்கே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் ஓடலாம், வேலை மொத்தம் 14. 2021 ஜூன் மாதத்தில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமாக்கப்பட்டு, 2023 ஜனவரி முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. எனவே கனடாவில் ஓட்டியவர்களின் காகித நினைவு இன்னும் சூடாகவே இருக்கிறது. அவர்களை இப்போதே கேட்பது நல்லது.

ஏன் நினைவை நம்ப வேண்டியிருக்கிறது என்று சிலர் கேட்கலாம். காரணம் எளிது: இந்தத் தாள்களை வைத்திருக்கும் கடமை குறுகியது. கனடாவில் நிறுவனம் 6 மாதம் வைத்திருந்தால் போதும், ஐரோப்பாவில் ஒரு வருடம். அதன் பிறகு அவை குப்பைக்குப் போயின. நம்மூரில் 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 ஆழிப்பேரலையும் 2011 ஜனவரி வெள்ளமும், இவற்றுக்கிடையே இடம்பெயர்வும், இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கறையானும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

போவதற்கு முன்

வெற்றுத் தாள்களைத் தயார்செய்யுங்கள். ஒரு றனிங் சார்ட்டின் நிரைகளைக் கோடிட்டு அச்செடுங்கள். நான்கு வரிக் கட்டத் தாளையும், வட்டத் தாளின் பெரிதாக்கிய படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர்கள் இல்லாத, வீதிகள் மட்டும் கொண்ட ஒரு வரைபடமும் வேண்டும். ஊர்ப் பெயர்களை அவரே எழுதட்டும். அவர் எழுதும் ஊர்கள்தான் அவருடைய பயணத்தின் உண்மையான அளவுகோல்.

நேரம் பார்த்துப் போங்கள். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பக்கம் வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில் ஓய்வுபெற்ற சாரதிகூடச் சும்மா இருக்க மாட்டார்; யாருக்காவது லொறி பேசிக்கொடுத்துக்கொண்டிருப்பார். அழைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். வயதில் மூத்த தமிழரை மாமா என்றோ அண்ணன் என்றோ, முஸ்லிம் பெரியவரைக் காக்கா என்றோ மாமா என்றோ அழைத்தால் பேச்சு இயல்பாக ஓடும். சேர் என்றழைத்தால் அவரும் நம்மைச் சேர் என்றழைத்து, உத்தியோகத்தருக்குக் கணக்குச் சொல்லும் குரலுக்கு மாறிவிடுவார். அதன்பிறகு தாளில் எழுதியிருந்ததைத்தான் நாம் மறுபடி கேட்போம். உகணைப் பக்கத்துச் சிங்களச் சாரதிகளிடம் போவதானால் சிங்களம் சரளமாகப் பேசும் ஒருவரோடு போவதே மரியாதை.

முதல் நாள் ஒலிப்பதிவு வேண்டாம். எதற்காக வந்தோம், பதிவு எங்கே போகும், எதை வெளியிடுவோம், எதை வெளியிட மாட்டோம் என்பதைச் சொல்லி, சம்மதத்தை அவருடைய வீட்டார் முன்னிலையில் பெற்றுக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

மணித்தியாலத்தைக் கேட்காமல் வீதியைக் கேளுங்கள்

ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் ஓடுவீர்கள் என்ற கேள்விக்கு எவரும் உண்மையான விடை தர முடியாது. ஒருவர் பதினெட்டு என்பார், இன்னொருவர் விடிய விடிய என்பார். இரண்டும் பெருமையின் அளவே தவிர நேரத்தின் அளவாகாது. சாரதியின் நினைவு நிறுத்தங்களில் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே வரைபடத்தை விரித்து வைத்து, “மாமா, கல்முனையில மூடை ஏத்தி முடிஞ்சா முதல் எங்க நிப்பாட்டுவீங்க?” என்று தொடங்குங்கள். அவர் “அம்பாறை தாண்டி உகணை, மறுகா மகாஓயாவிலதான்” என்று சொல்லத் தொடங்கும்போது, விரல் தாளில் நகரும். கொழும்புக்குப் போக எத்தனையோ வழிகள்: மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை ஊடாகப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டி; சியம்பலாண்டுவை, மொனராகலை, வெல்லவாயா, இரத்தினபுரி; மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை. எந்த ஆண்டுகளில் எந்த வழியைத் தேர்ந்தார், ஏன் மாற்றினார் என்பதைக் கேட்கும்போதே பாதி வரலாறு வந்துவிடும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடிகாரத்தைத் தவிர்த்து, நேரத்தைக் காட்டக்கூடிய மற்றவற்றைக் கேளுங்கள். வெளிச்சமா இருட்டா, கடை திறந்திருந்ததா, தேநீரா சோறா, வானொலியில் செய்தி போனதா, அதிகாலைத் தொழுகைக்கான சுபஹு பாங்கு எந்த ஊரில் கேட்டது? நம் நாட்டில் சூரியன் உதிக்கும் நேரம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாது என்பதால், “மகியங்கனையில் விடிந்தது” என்ற ஒரு சொல்லே காலை ஆறு மணியை ஒட்டிய ஒரு நேரத்தைத் தந்துவிடும். கனடாவில் ஓட்டியவரிடம் இந்த உத்தி செல்லாது. அங்கே டிசம்பர் விடியலுக்கும் ஜூன் விடியலுக்கும் இடையே மணித்தியாலக் கணக்கில் வேறுபாடு உண்டு, ஆகவே மாதத்தை முதலில் கேட்க வேண்டும்.

பாலங்கள் நல்ல நேர அடையாளங்கள். மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் புகையிரதமும் வாகனமும் ஒரே பாலத்தைப் பகிர்ந்த காலத்தில், புகையிரதம் கடக்கும்வரை லொறிகள் நிற்கும். மன்னம்பிட்டியில் 2007 இல் தனி வீதிப் பாலம் வந்தது. 1924 இல் திறக்கப்பட்ட கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு பக்க வாகனங்கள் கடக்கும்வரை மறுபக்கம் நிற்க வேண்டும். புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. பாலத்தில் காத்து நின்றதாக ஒருவர் சொன்னால் அந்தப் பயணம் எந்த ஆண்டுக்கு முற்பட்டது என்பது தெரிந்துவிடும்.

நிறுத்தங்கள் எல்லாம் வரைபடத்தில் விழுந்த பிறகுதான் வெற்றுத் தாளைக் கொடுக்க வேண்டும். அந்தப் பயணத்தை அன்று அவர் எழுதியிருக்கக்கூடிய விதத்தில் றனிங் சார்ட்டில் நிரப்பச் சொல்லுங்கள். பேனை பிடித்த கையைக் கவனியுங்கள். திகதியை எழுதுவார், மீற்றர் இலக்கத்துக்கு இடம் விடுவார், புறப்பட்ட நேரத்தில் சற்றுத் தயங்கி ஒரு வட்டமான நேரத்தைப் போடுவார், போன காரணம் என்ற இடத்தில் அலுவலகம் கற்றுக்கொடுத்த அதே சொற்கள் வரிசை தவறாமல் வந்து விழும். வாயால் பத்து நிறுத்தங்கள் சொன்னவரின் தாளில் இரண்டு ஊர்களே இருக்கும். வரைபடத்தையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இந்த எட்டும் ஏன் இதில இல்ல?” என்று கேளுங்கள். நேர்காணலின் மிகப் பெறுமதியான பகுதி அங்கே தொடங்குகிறது; ஒலிப்பதிவு ஓடுகிறதா என்பதை அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய நேரம், புதிய நேரம்

1996 முதல் 2006 வரையிலான காலத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு சிக்கலைத் தவறவிடக் கூடாது. 1996 மே மாதத்தில் நாட்டின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய இடத்துக்கே வந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. மட்டக்களப்பில் இதன் பொருள், வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் ஒரு நேரம், அந்தப் பக்கம் படுவான்கரையில் இன்னொரு நேரம் என்பதாகும்.

தாளில் இது எப்படி விழும் என்று பாருங்கள். 1998 இல் ஒரு லொறி நகரிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு அரை மணித்தியாலத்தில் படுவான்கரையில் ஓர் ஊரைச் சேர்ந்தால், அங்குள்ள கடிகாரத்திலும் ஏழு மணிதான். அந்த ஊரில் சரக்கை ஏற்றுக்கொண்டவர் சிட்டையில் ஏழு என்று எழுதினால், பயணத்துக்கு நேரமே செலவாகவில்லை. திரும்பி வரும்போது அதே அரை மணித்தியாலப் பயணம் தாளில் ஒரு மணித்தியாலமாகத் தெரியும். எனவே ஒவ்வொரு நேரத்துக்கும் அது எந்த நேரம், யாருடைய கைக்கடிகாரம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சில சாரதிகள் கடிகாரத்தை மாற்றாமலே மனத்தில் கூட்டிக் கழித்தார்கள். சிலர் தாளில் ஓரமாகச் சிறு குறி போட்டார்கள். பழைய தாள்களைப் பார்த்துக் கணக்குப் பிழை என்று எழுதும் அவசரக்காரர்கள் இந்தப் பத்து ஆண்டுகளையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

தாளில் இடமில்லாத நேரம்

யுத்த காலத்தில் ஓட்டியவர்களுக்கு மிகப் பெரிய நேரம் காத்திருப்பிலேயே போனது. சோதனைச் சாவடியில் மூடைகளை இறக்கிக் காட்டி மறுபடி ஏற்றுவது, வீதி திறக்கும்வரை நிற்பது, ஊரடங்கு விழுந்து இடைவழியில் இராத் தங்குவது, அனுமதிப் பத்திரத்துக்காக அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது ஆகியவற்றுக்கு றனிங் சார்ட்டில் நிரை கிடையாது. ஐரோப்பிய வட்டத் தாளில் காத்திருப்புக்கென்று ஒரு குமிழ் நிலையே இருந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகவே நீங்கள் கொண்டுபோகும் வெற்றுத் தாளில் கடைசியில் ஒரு வெற்று நிரையைச் சேர்த்து, அதை இந்த நேரங்களுக்கு ஒதுக்குங்கள். அங்கே என்ன சாப்பிட்டார், கிளீனர் என்ன செய்தான், அழுகும் பொருளானால் என்ன ஆனது, முதலாளி அந்த நாளுக்குச் சம்பளம் கொடுத்தாரா என்று கேளுங்கள். யார் மறித்தது, யார் காசு வாங்கியது என்ற பெயர்களைத் தேடிப் போக வேண்டாம். அவராகவே சொன்னாலும், எழுத்தில் வருவதற்கு முன் இரண்டாவது முறை சம்மதம் கேட்க வேண்டும். நிறுத்து என்று கை காட்டினால் அந்த நொடியே ஒலிப்பதிவை நிறுத்துங்கள்.

பொய்யாக எழுதியதைக் கேட்பது எப்படி

எல்லா நாடுகளிலும் நேரத் தாள்களில் பொய் உண்டு. “பொய் எழுதினீர்களா?” என்று கேட்டால் இல்லை என்பதுதான் விடை. அதற்குப் பதிலாகத் தாளை எப்போது நிரப்புவீர்கள், எங்கே இருந்து நிரப்புவீர்கள், பேனை யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். மாத முடிவில் அலுவலகம் தாளைக் கேட்கும் நாளுக்கு முதல் இரவு உட்கார்ந்து முழு மாதத்தையும் எழுதியதை அவர்கள் கூச்சமில்லாமல் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களைப் பொறுத்தவரை அது வேலையின் ஒரு பகுதி. பழைய தாள் கையில் இருந்தால் மை நிறத்தையும் எழுத்தின் சாய்வையும் பாருங்கள். முதலாம் திகதியும் முப்பதாம் திகதியும் ஒரே மையில் ஒரே அழுத்தத்தில் இருந்தால் அது ஓர் இரவின் வேலை.

கனடாவில் ஓட்டியவர்களிடம் இரண்டு புத்தகங்கள் வைத்திருந்த காலத்தைப் பற்றியும், ஓட்டத்தைப் படுக்கை வரியில் காட்டியதைப் பற்றியும் கேட்கலாம். ஐரோப்பாவில் ஓட்டியவர்களிடம் தம் பெயரில் இருந்த வட்டத் தாளை எடுத்துவிட்டு வேறு தாளை வைத்து ஓடியதைப் பற்றிக் கேட்கலாம். யாருடைய நெருக்கடியால் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பொருள் சேர வேண்டிய நேரத்தைத் தீர்மானித்தவர் பெரும்பாலும் சாரதியாக இருக்கவில்லை. நிறுவனத்தின் பெயரை எழுத்தில் விட்டுவிடலாம், நெருக்கடி எப்படி வந்தது என்பதை விட்டுவிடக் கூடாது.

பழைய தாள் கிடைத்தால்

பெட்டியடியிலிருந்து தாள்கள் வந்தால் முதலில் வெளிச்சமான இடத்தில், இருக்கும் வரிசையிலேயே படம் எடுங்கள். வரிசையைக் குலைத்துவிட்டால் எந்தத் தாளோடு எந்தச் சிட்டை இருந்தது என்பது தெரியாமல் போகும். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றுங்கள். கறையான் மண் ஒட்டியிருந்தால் காய்ந்த மெல்லிய தூரிகையால் மட்டும் தட்டுங்கள். ஈரத் துணி கூடாது. வட்டத் தாள்களை எக்காரணம் கொண்டும் லமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மெழுகுப் பூச்சு உருகினால் ஊசிக் கோடுகள் அழிந்துவிடும். நகக் கீறலும் புதிய கோடாகப் பதியும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைத்து, மேலே பாரம் வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மின்னணுக் கருவியிலிருந்து வந்த வழுவழுப்பான அச்சுச் சுருள்கள் வெயிலில் வெளுத்துப் போகும், அவற்றைத்தான் முதலில் படம் எடுக்க வேண்டும்.

திகதி கிழிந்துபோன தாளுக்குக் காலம் கணிக்கச் சில வழிகள் உண்டு. கல்முனை, அக்கரைப்பற்று ஊர்களை மட்டக்களப்பு மாவட்டம் என்று அச்சிட்ட படிவம் 1961 இல் அம்பாறை மாவட்டம் பிரிவதற்கு முன் அச்சானதாக இருக்கலாம், பழைய படிவத்தைத் தீரும்வரை பயன்படுத்தியதாகவும் இருக்கலாம். வாகன இலக்கத்தில் ஸ்ரீ எழுத்து இருந்தால் ஒரு காலம், வெறும் இலக்கங்கள் மட்டும் இருந்தால் அதற்குப் பிந்திய காலம், ஆங்கில எழுத்துகள் இருந்தால் 2000 ஆம் ஆண்டும் அதற்குப் பிறகும், அல்லது ஸ்ரீ எழுத்துக்கு முந்திய காலம். தூரம் மைலிலா கிலோமீற்றரிலா என்பதும் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. சாலையோரக் கற்கள் மாறிய பிறகும் பழைய லொறிகளின் மீற்றர் மைலையே காட்டிக்கொண்டிருந்தது, பேச்சில் மைலைக் குறிக்கும் கட்டை என்ற சொல் இன்றும் இருக்கிறது. ஐந்து இலக்க மீற்றர் 99,999 ஐத் தாண்டிச் சைபருக்குத் திரும்பிய இடத்தில் கூட்டல் தவறுவதையும் எதிர்பாருங்கள்.

எழுத்தில் கொண்டுவருவது

அன்றிரவே கேட்டு எழுதுங்கள். அவர் பேசிய பேச்சு வழக்கை மேசைத் தமிழுக்கு மாற்றாதீர்கள். மறுகா என்றால் மறுகா, கிளீனர் என்றால் கிளீனர். ஒவ்வொரு பயணத்துக்கும் பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் தாள் சொல்வதையும் வலப்பக்கம் சாரதி சொல்வதையும் எழுதுங்கள். இரண்டும் முரண்பட்டால் சமரசம் செய்து ஒரு நேரத்தை நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டாம், இரண்டும் நிற்கட்டும். உங்கள் கணிப்பு ஏதும் இருந்தால் அது உங்களுடையது என்று தெரியும்படி அடியில் தனியாக எழுதுங்கள்.

பிறகு அச்செடுத்த பக்கங்களோடு திரும்பிப் போய் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கண் மங்கியவரானால் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது அமர்வில் அவர் திருத்துவதை, முதல் பதிவை அழிக்காமல், வேறு நிறத்தில் திகதியுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு சொன்ன நேரத்தை இப்போது நினைவில்லை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். முடிந்த பதிவின் ஒரு பிரதியை அச்சாக அவருடைய வீட்டுக்குக் கொடுங்கள், ஒன்றை நீங்கள் வைத்திருங்கள், அவர் சம்மதித்தால் ஒரு மின்பிரதியை 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற இணையத்தளம் போன்ற எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள். கோப்பின் பெயரில் ஊரும், ஓட்டிய வழியும், பேசப்பட்ட ஆண்டுகளும், எந்தக் கடிகாரம் என்பதும் இருக்கட்டும். சாரதியின் பெயரைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும்.